திங்கட்கிழமை மட்டும் சாகும் காடி

1

இந்தக் கதை பிறந்தது ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தில். நாவல் முடிந்த பிறகு வரும் வெற்றுத்தாளைச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பு நாவல்களில் இப்படி இரண்டு மூன்று தாள் சும்மா விட்டிருப்பார்கள். அழுது முடித்த வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்ள என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன் என் அண்ணன் யுகேந்திரன் சொல்லச் சொல்ல நான் அதில் எழுதியது இது:

பேட்டரி 12.5. இஞ்சின் ஓடும்போது 14.1. ஹெட்லைட் ஃபியூஸ் எடுத்தால் 0.02. ஹாரன் ஃபியூஸ் எடுத்தால் 0.02. ரேடியோ ஃபியூஸ் எடுத்தால் 0.02. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். 0.02.

அதற்கு எதிர்ப்பக்கத்தில், பனி கொட்டும் ஒரு ரயில் நிலையத்தில் ஒரு கிழவர் செத்துப்போகிறார். இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் படித்துப் பார்த்தேன். எனக்கு என் பக்கம்தான் பிடித்தது. கிழவர் ஏன் செத்தார் என்று நானூறு பக்கம் படித்தும் புரியவில்லை. எங்கள் கார் ஏன் செத்தது என்பதும் புரியவில்லைதான். ஆனால் அதில் எண்களாவது இருந்தன.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றேகால். நான் கார் நிற்கும் கொட்டகையில், பிளாஸ்டிக் நாற்காலியில், அதே நாவலை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். காரின் இஞ்சின் மூடி திறந்திருக்கிறது. நாளை விடியற்காலை ஐந்து மணிக்கு இந்தக் கார் கிளம்பியாக வேண்டும். கிளம்பாவிட்டால் என் அம்மா ஒரு படுக்கையை இழப்பார். எந்தப் படுக்கை என்று சொல்வதற்கு முன் கதையைத் தொடங்க வேண்டும். அதுதான் வரமாட்டேன் என்கிறது. காரைப் போலவே.

(காரின் கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். பச்சை நிறம், இருபத்திரண்டு வயது. தப்பு கம்பெனியுடையது இல்லை என்பது போகப் போகத் தெரியும்.)

2

தொடக்கம் ஒன்று: “ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளின்மேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிரு

நிறுத்தினேன். அது பனி இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் எவரோ குப்பை எரிக்கிறார்.

தொடக்கம் இரண்டு: “ஒரு காலத்தில் இங்கே ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்

இதையும் நிறுத்தினேன். எங்கள் ஊர்க் கதை என்றாலே இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு இருபத்து நான்கு வயது. நான் பிறந்தபோதே இந்த எஸ்டேட் முழுக்கச் செம்பனை எண்ணெய் மரங்கள்தான். நான் பார்க்காத மரத்துக்கு நான் எதற்கு அழ வேண்டும்?

தொடக்கம் மூன்று: “அண்ணன் சாவியைத் திருப்பினான். டிக் டிக் டிக் டிக் டிக்.”

இது சரி. இதில் பொய் இல்லை.*

* சாவியைத் திருப்பினால் வேகமாக டிக் டிக் என்று பல்லி கத்துவதுபோலக் கேட்டால் பேட்டரியில் சக்தி போதவில்லை. ஒரே ஒரு ‘டக்’ கேட்டு, விளக்குகளும் பளிச்சென்று இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் மக்கர் செய்கிறது. இஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளாவிட்டால் பெட்ரோல் வரவில்லை, அல்லது பிளக்கில் பொறி இல்லை. இதெல்லாம் அண்ணன் வீடியோ பார்த்துக் கற்றது. நான் அவனுக்கு டார்ச் பிடித்துக் கற்றது. இந்த அடிக்குறிப்பை மட்டும் நீங்கள் கிழித்து வைத்துக்கொள்ளலாம். கதையை விட உபயோகம்.

3

என் அம்மா மாரியம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் மூன்று வருடமாக வேலைநிறுத்தத்தில் இருக்கின்றன. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு, ஜெலாப்பாங்கில் இருக்கும் ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் ஒரு படுக்கை அவருக்கு. நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருப்பார். ஐந்து மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். அண்ணன் ஓட்டுவான், எங்களை இறக்கிவிட்டு அங்கேயே பக்கத்தில் இருக்கும் தன் கிலாங்குக்கு, அதாவது ஃபேக்டரிக்குப் போவான். திரும்பும்போது மையத்துக்கு வரும் இன்னொருவரின் வேன் எங்களை ஏற்றிக்கொள்ளும். காலையில் அந்த வேன் எங்கள் பக்கம் வருவதில்லை. மற்ற நாட்களில் அண்ணன் மோட்டார் சைக்கிளில் போவான். கார் சும்மா நிற்கும்.

உனக்கு ஓட்டத் தெரியாதா என்பீர்கள். தெரியும். ஆட்டோ கியருக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தவள் நான். இது கையால் கியர் மாற்றும் கார். டெஸ்டுக்குப் போன காலத்தில் நான் ஒரு நீளமான ரஷ்யக் குடும்பத்தின் நடுவில் இருந்தேன். கிளட்சுக்கெல்லாம் மனசு இடம் கொடுக்கவில்லை.

கார் சாவது திங்கட்கிழமைகளில் மட்டும். புதனும் வெள்ளியும் முனகிக்கொண்டாவது கிளம்பிவிடும். முதல் திங்கள், டிக் டிக் டிக். பக்கத்து வீட்டு தர்மா அண்ணன் சாரத்தோடு ஓடிவந்தார். நான், தர்மா அண்ணன், அவருடைய மச்சான் மூன்று பேரும் பின்னாலிருந்து தள்ள, லயத்து வரிசை வீடுகளின் முனைச் சரிவில் கார் உருண்டு, இருமி, உயிர் பெற்றது. அம்மா இறங்க மறுத்துவிட்டார். தலையணையையும் போர்வையையும் மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தபடி, இடது பக்கம் ஆள் குறைவு என்று கண்ணாடி வழியாக எங்களுக்கு உத்தரவு போட்டார்.

இரண்டாவது திங்களும் இதே. தர்மா அண்ணன் இந்த முறை சாரத்தை மாற்றிக் கால்சட்டை போட்டுக்கொண்டு தயாராகவே நின்றார்.

மூன்றாவது திங்கள் மழை. சரிவு முழுக்கச் சேறு. தள்ளினோம், வழுக்கினோம், தர்மா அண்ணன் விழுந்தார், கார் கிளம்பவில்லை. கடைசியில் அவர் தன் லோரியைக் கொண்டுவந்து அதன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பினார். அம்மா ஐம்பது நிமிடம் தாமதம். நான்கு மணி நேரம் மூன்றானது. நர்ஸ் கலாதேவி அம்மாவைத் திட்டவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“தினேஸ்வரி, இன்னொரு திங்கள் லேட்டா வந்தா இந்தக் காலை எடத்த வேற ஆளுக்கு மாத்திடுவாங்க. மூணு மாசமா ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காரு. உங்கம்மாவுக்கு மத்தியானம்தான் கெடைக்கும். நான் ஒண்ணும் செய்ய முடியாதுலா.”

மதியத்தில் அண்ணன் வேலையில் இருப்பான். வேன் இருக்காது. வாடகைக் கார் எங்கள் எஸ்டேட்டின் பெயரைப் பார்த்தாலே ரத்து செய்துவிடும். அம்மா வாரத்தில் மூன்று முறை போகிறவர் இரண்டு முறை, ஒரு முறை என்று ஆவார். அதற்குப் பிறகு என்ன ஆவார் என்பதை நான் எழுத மாட்டேன்.

இங்கே ஒரு விஷயம். அம்மாவுக்கும் திங்கள்தான் மோசமான நாள். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இடைவெளி அதிகம். உடம்பில் தண்ணீர் ஏறி, மூச்சு வாங்கி, முகம் வீங்கியிருக்கும். காரும் வெள்ளி முதல் திங்கள்வரை சும்மா நின்றுதான் சாகிறது. பார்த்தீர்களா, ஒரு உருவகம் வந்து வாசலில் நிற்கிறது, கையில் பழத்தட்டோடு. நான் உள்ளே விடப்போவதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டேஷ்போர்டின் நடுவில் பிள்ளையார் இருக்கிறார். ஒரு சாண் உயரம், நல்ல கனம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறிச் சுற்றும். அப்பா வைத்தது. செத்துப்போன திங்கட்கிழமைகளில் அந்த வட்டம் மட்டும் காய்ந்த ஆரஞ்சுத்தோல் மாதிரி மங்கலாக எரிந்துகொண்டிருக்கும்.

“சாமி மொகமே சரியில்ல,” என்பார் அம்மா.

4

இப்போது என் அண்ணன். இந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் பிரதியில் அவனை மௌனமான ஆளாக எழுதினேன். விரல்களில் கிரீஸ், கண்களில் தூரம். நான் படிக்கும் நாவல்களில் மெக்கானிக் என்றால் அப்படித்தான் வருவான், இறுதியில் யாரையாவது காதலிப்பான். அண்ணன் படித்துவிட்டு, “யாருடி இவன்?” என்று கேட்டான். ஆகவே உள்ளது உள்ளபடி: வயது இருபத்தொன்பது, தொப்பை உண்டு, வாய் மூடாது. ஒவ்வொரு திருகாணியையும் கழற்றும்போது அதற்கு ஒரு சொற்பொழிவு. முதல் மீட்டரைக் கொன்றவன் அவன்தான். மின்கசிவு பார்க்க மீட்டரைப் பேட்டரிக்கு நடுவில் கோத்துவிட்டு, அது கோத்திருக்கும்போதே சாவியைத் திருப்பினான். இஞ்சினைச் சுழற்றும் அத்தனை சக்தியும் அந்தச் சின்னப் பெட்டி வழியாகப் போகப் பார்த்தது. ‘பப்’ என்றது. அதற்கும் சொற்பொழிவு ஆற்றினான்.

ஆனால் சோம்பேறி இல்லை. இரண்டு ஞாயிறு முழுக்கக் காரோடு கிடந்தான். பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினான். பேட்டரியைக் கடையில் சோதிக்கக் கொடுத்தான்; நான்கு மாதப் புதுசு, நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறதா என்று பார்த்தான். பதினான்கு வோல்ட், தங்கம். அப்படியென்றால் கார் சும்மா நிற்கும்போது எதுவோ மின்சாரத்தைக் குடிக்கிறது. அது எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது. எதைப் பிடுங்கும்போது மீட்டரில் எண் இறங்குகிறதோ, அதுதான் திருடன்.

ஃபியூஸ் பெட்டி ஸ்டீயரிங்குக்கு அடியில். அதைப் பார்க்க வேண்டுமென்றால் தலையைக் கீழே விட்டு, முதுகைத் தரையில் வைத்து, காலை சீட்டின் மேல் தூக்கிப்போட்டுப் படுக்க வேண்டும். அண்ணன் முதல்முறை அப்படிப் படுத்தபோது அம்மா வீட்டுக்குள்ளிருந்து போட்ட சத்தத்தில் கோழிகள் ஓடின. சாமிக்கு நேராகக் காலைக் காட்டிக்கொண்டு என்ன வேலை என்றார். நியாயமான கேள்வி. அண்ணன் எழுந்து, கை கழுவி, ஒளிவட்டத்தின் இரண்டு முள் பிளக்கைப் பிடுங்கி, பிள்ளையாரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய், வீட்டு சாமி மேடையில் எண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான். பிறகு நிம்மதியாகக் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பதினான்கு ஃபியூஸையும் பிடுங்கினான். 0.02, 0.02, 0.02. பழைய கார் கடிகாரத்துக்குக்கூட அவ்வளவு வேண்டும். கசிவு இல்லை.

பிள்ளையார் திரும்பி வந்தார். சூடம் காட்டினோம். பிளக்கை மாட்டினோம். திங்கட்கிழமை கார் செத்தது.

அடுத்த ஞாயிறும் அப்படியே. முதலில் சாமியை இறக்கினோம். பிறகு சோதித்தோம். ஒன்றும் இல்லை. சாமியை ஏற்றினோம். செத்தது.

(உங்களில் பாதிப்பேர் கண்டுபிடித்துவிட்டீர்கள். தெரியும். இப்போதே உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம். வாயை மூடிக்கொண்டு மற்றவர்களைப் படிக்க விடுங்கள். நாங்கள் மூன்று வாரம் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் எலியைச் சந்தேகப்படுவோம், சீனா சாமானைச் சந்தேகப்படுவோம், தர்மா அண்ணனின் கொள்ளிக்கண்ணைக்கூட அம்மா சந்தேகப்பட்டார். சாமியைச் சந்தேகப்பட மாட்டோம்.)

அம்மாவிடம் இன்னொரு விளக்கமும் இருந்தது. அப்பா ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனை மில்லில் காவல் வேலைக்குப் போய் மூன்று வாரத்துக்கு மேலாகிறது. அங்கேயே தங்கிக்கொள்கிறார். “காடி அவர தேடுது,” என்றார் அம்மா. காடி என்றால் எங்கள் ஊரில் கார். அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். ஏனென்றால் தொழில்நுட்ப ரீதியாக அம்மா சொன்னது சரி. அப்பா இருந்தவரை சனி ஞாயிறு வீட்டில் தங்கமாட்டார்; கல்யாணம், கருமாதி, சும்மா ஒரு டீ என்று காரை எடுத்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருப்பார். பேட்டரி நிரம்பிக்கொண்டே இருந்தது.

5

இனி இன்றைக்கு. நேற்றிரவு அண்ணனும் தர்மா அண்ணனும் தைப்பிங்கில் ஒரு நண்பனின் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். இன்று அங்கே விருந்து. விடியற்காலை நேராக வந்து சாவியைத் திருப்புவது அண்ணனின் ஏற்பாடு. டிக் டிக் என்றால் தள்ளலாம் என்பது அவனுடைய திட்டத்தின் இரண்டாம் பகுதி. வானத்தைப் பார்த்தேன். கறுத்துக்கொண்டு வந்தது.

அம்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். நான் மீட்டரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். மூடியைத் திறந்தேன். கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். கதவோரத்தில் இருக்கும் அதன் சுவிட்ச் குமிழைத் துணி கிளிப்பால் அமுக்கிக் கட்டினேன். எல்லாம் அண்ணன் செய்ததுபோலவே. அடுத்தது சாமியை இறக்க வேண்டும்.

அங்கேதான் நின்றேன்.

எனக்கு இன்று மூன்றாவது நாள். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் சாமி மேடைப் பக்கம் போகக்கூடாது, சாமியைத் தொடக்கூடாது. நான் எத்தனை கண்டத்து நாவல்களைப் படித்தாலும் சரி, எனக்கு அதில் நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, அம்மாவின் திங்கட்கிழமையோடு விளையாடும் தைரியம் எனக்கு இல்லை. அம்மாவை எழுப்பித் தூக்கச் சொல்லவும் முடியாது. ஊசி போடும் இடது கையால் அவர் எதையும் தூக்கக்கூடாது.

ஆகவே பிள்ளையார் இருந்த இடத்திலேயே இருந்தார். ஒரு மஞ்சள் துணியை எட்ட நின்று அவர் மேல் போட்டேன். காலைக் காட்டக்கூடாது என்பதால் வெளியே மண்டியிட்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டி ஃபியூஸ் பிடுங்கினேன். ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். பதினான்கு நடை.

0.43.

முதலில் மீட்டர் பழுது என்று நினைத்தேன். ஹெட்லைட் ஃபியூஸ், 0.43. ஹாரன், 0.43. ரேடியோ, 0.43. பதினான்கும் போய், அந்தப் பெட்டி பல் விழுந்த வாய் மாதிரி ஆன பிறகும் 0.43. காரில் எதுவுமே இணைந்திருக்கவில்லை, ஆனால் எதுவோ குடித்துக்கொண்டிருந்தது.

அப்போது பேட்டரியில் கோத்திருந்த மீட்டர் கம்பி நழுவியது. கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் துணி இருண்டது. கம்பியை வைத்தேன். துணிக்குள் சிவப்பு, பச்சை, நீலம். எடுத்தேன். இருட்டு. வைத்தேன். எரிந்தார்.

நான் சிரித்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். நான் சிரிக்கவில்லை. துணிக்குள் இருந்தவரிடம், “நீங்களா?” என்று கேட்டேன். அவ்வளவுதான்.

கணக்கு எளிது. வெள்ளி மாலை ஏழு முதல் திங்கள் காலை ஐந்துவரை ஐம்பத்தெட்டு மணி நேரம். மணிக்கு 0.43 ஆம்பியர் வீதம் இருபத்தைந்து. பேட்டரியின் மேல் நாற்பது என்று போட்டிருக்கிறது. பாதிக்கு மேல் சாமி குடித்துவிடுகிறார். திங்கள் மாலைக்கும் புதன் காலைக்கும் நடுவில் பதினைந்துதான் போகிறது, அதனால்தான் முனகல். நாங்கள் தேடும்போதெல்லாம் திருடரை மரியாதையாக இறக்கி வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டுத்தான் திருட்டைத் தேடியிருக்கிறோம்.

இப்போது பேட்டரியில் 12.0 இருக்கிறது. இத்தோடு நிறுத்தினால் நாளைக்குக் கிளம்பிவிடும். இன்னும் பதினான்கு மணி நேரம் எரிந்தால் கிளம்பாது.

அண்ணனுக்கு போன் போட்டேன். பின்னால் உறுமி மேளம். “என்னாது? கேக்கலலா,” என்றான். சாமி என்றேன். “கும்பிட்டேன்னு சொல்லு,” என்று வைத்துவிட்டான்.

6

(அம்மா, ஒருவேளை என்றைக்காவது இதை நீ படித்தால், இந்தப் பிரிவை விட்டுவிட்டு நேராக ஏழுக்குப் போய்விடு. இங்கே ஒன்றுமில்லை. ரயில், பனி.)

பிளக்கைப் பிடுங்கினால் போயிற்று, இதற்கு எதற்குக் கதை என்று கேட்கிறீர்கள். பிடுங்க முடியாது. அந்த ஒளிவட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மூன்று வருடத்துக்கு முன் அம்மா முதல்முறை மெஷினில் படுத்துவிட்டு வந்த அன்று அப்பா அதை மாட்டினார். இது உனக்காக வைத்த வேண்டுதல், இது எரியும்வரை உனக்கு ஒன்றும் ஆகாது என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவின் கட்டில் ஜன்னலுக்கு நேரே கொட்டகை. தினமும் படுப்பதற்கு முன் அம்மா திரையை விலக்கி, காருக்குள் வண்ணம் சுற்றுவதைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் தூக்கம். வீட்டுக்குள் மேடையில் வைத்திருக்கும் நேரத்தில் மட்டும் கவலைப்பட மாட்டார். அங்கே எண்ணெய் விளக்கு எரிகிறது, அதுவும் வெளிச்சம்தான்.

வேண்டுதல் வைத்தவரையே கேட்டுவிடலாம் என்று ஆயர் தாவாருக்கு போன் போட்டேன். என் அப்பா ஐயாவு மில் வாசலில் இருந்தார். லோரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

“அப்பா, சாமி லைட்டு ஒயர எங்க குடுத்தீங்க?”

“ஏன், எரியலையா?”

“எரியுது. அதான் பிரச்சன.”

விஷயத்தைச் சொன்னேன். 0.43ஐச் சொன்னேன். கலாதேவி சொன்னதைச் சொன்னேன். அம்மா பக்கத்தில் இருக்கிறாரா என்று அப்பா கேட்டார். தூங்குகிறார் என்றேன்.

“நேரா பேட்டரிக்கு குடுத்துட்டேன்லா. சாவி போட்டா எரியிற மாதிரி வைக்கணும்னுதான் பாத்தேன். அங்க நாலு ஒயரு இருந்துச்சு. நாலும் செவப்பு. எதுலன்னு தெரியல.”

“அப்ப வேண்டுதல்?”

“உங்கம்மா கேட்டுச்சு, இது ஏன் அணைய மாட்டேங்குதுன்னு. மாட்டத் தெரியாம மாட்டிட்டேன்னு சொல்ல முடியுமா? அன்னிக்குத்தான் மொதத் தடவ ஊசி குத்திட்டு வந்து படுத்திருந்துச்சு. ரொம்ப பயந்துபோயி கெடந்துச்சு. ஒனக்காகத்தான் மாரி எரியுது, அணையாதுன்னு சொல்லிட்டேன்.” ஒரு லோரி போனது. “சொன்னதும் தூங்கிருச்சு.”

எனக்கு எதிரே மஞ்சள் துணிக்குள் சிவப்பு பச்சையானது.

“அம்மாகிட்ட சொல்லிடாத, தினேஸ்,” என்றார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் புனைகதை எழுதியவள் நான் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரே வாக்கியம். ஒரே வாசகி. மூன்று வருடமாக ஒரு நாள்கூடத் தவறாமல் திரையை விலக்கிப் படித்துவிட்டுத் தூங்குகிறார். நான் எழுதிய எதையும் யாரும் இரண்டாவது முறை படித்ததில்லை.

அப்படிப்பட்ட கதையில் ஒரே ஒரு குறை. அது மணிக்கு 0.43 குடிக்கிறது.

7

முடிவுகள்.

முதல் முடிவு, மொழிபெயர்ப்பு வகை: மகள் விளக்கை அணைக்கிறாள். தாய் ஜன்னலருகே வருகிறாள். வெளியே பனி. [அடித்துவிட்டேன். வெளியே கோழி.]

இரண்டாம் முடிவு, கோழை வகை: பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு நான் பேசாமல் இருக்கிறேன். இதற்குச் சாமியைத் தொட வேண்டியதுகூட இல்லை; ஒரு ஸ்பேனர் போதும். இரவு ஒன்பது மணிக்கு அம்மா திரையை விலக்குகிறார். கொட்டகை இருட்டு. நாளை காலை கார் கிளம்பும், ஆனால் அதில் உட்கார்ந்திருக்கும் அம்மா இரவு முழுக்கத் தூங்காதவர், தான் சாகப்போவதாக நம்புகிறவர். திங்கட்கிழமை ஏற்கெனவே அவருக்கு மோசமான நாள். இது முடிவு இல்லை, வேறொரு பழுது.

மூன்றாம் முடிவு, இனிப்பு வகை: நான் தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்கிறேன். அம்மா சிரித்து, “உங்கப்பாவுக்கு ஒயர் மாட்டத் தெரியாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்,” என்கிறார். இதை எழுதிவிட்டு நானே கண் கலங்கினேன். அதனால்தான் நம்பவில்லை. என் எழுத்தில் எது நன்றாக வந்தாலும் அது பெரும்பாலும் நடக்காதது.

(இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். மீட்டர் கம்பியை வைத்தும் எடுத்தும் இன்று மதியம் மட்டும் நான் அந்த விளக்கைப் பதினொரு முறை அணைத்திருக்கிறேன். பதினொரு முறையும் ஜன்னல் வழியாக அம்மாவின் குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. இதை வைத்து ஒரு தத்துவம் எழுதலாம். எனக்கு அதற்கு நேரமில்லை.)

நான்காம் முடிவு, அண்ணன் வகை: ஒயரைப் பேட்டரியிலிருந்து பிரித்து, சாவி போட்டால் மட்டும் எரியும் ஒயரில் மாட்டுவது. இதுதான் சரியான வைத்தியம். அண்ணன் வந்தால் அரைமணி நேர வேலை. ஆனால் அண்ணன் வருவது நாளை விடியலில்; அதிலும் இரவில் கொட்டகை இருட்டுதான்.

ஆகவே இன்றைக்கு மிஞ்சுவது ஒன்றே. திங்கள் காலைவரை பிள்ளையாருக்கு லீவு. பிளக்கைப் பிடுங்கி, அவரை உள்ளே கொண்டுபோய், எண்ணெய் விளக்கு பக்கத்தில் வைத்துவிட வேண்டும். வெளிச்சமும் அணையாது. அப்பாவின் வாக்கியமும் பொய்யாகாது. ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றுகிறோம். அச்சுப்பிழை திருத்துவது மாதிரி.

யார் தூக்குவது என்பதுதான் பாக்கி.

8

அண்ணன் தைப்பிங்கில். தர்மா அண்ணனும் அங்கே. அப்பா ஆயர் தாவாரில். அம்மாவின் கை தூக்காது. நான் தொட முடியாது. நாளைக்குத்தான் தலைக்குக் குளிப்பேன்.

அப்படியென்றால் இங்கே இருப்பது நீங்கள்தான்.

திரும்பிப் பார்க்காதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன். இவ்வளவு நேரம் சும்மா நின்று படித்துக்கொண்டிருந்தீர்கள். நான் படித்த நாவல்களில் முடிவை வாசகரிடம் விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு எழுத்தாளர்கள் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். நான் அப்படிப் போக மாட்டேன். இங்கேயே நின்று வழி சொல்கிறேன்.

காரின் இடது பக்கக் கதவைத் திறங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டால் இரண்டு முள் பிளக், கறுப்பு. இழுத்தால் வந்துவிடும். பிறகு மஞ்சள் துணியோடு சேர்த்து, இரண்டு கையாலும். அடியில் பிடியுங்கள், ஒளிவட்டத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், பிளாஸ்டிக். வாசல்படி ஒன்று உயரம். மேடை கூடத்தின் வலது மூலையில்.

மீட்டரில் இப்போது 11.99. இந்தப் பிரிவைத் தொடங்கும்போது 12.0. நீங்கள் யோசிப்பதற்கும் அவர் குடித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

உங்களுக்குச் சாமி நம்பிக்கை இல்லையா? பரவாயில்லை, கனம் ஒன்றுதான். வேறு மதமா? தர்மா அண்ணன் ஒரு தடவை பேட்டரிக் கடை ஷாஹித் பாயைத் தூக்கச் சொன்னார், அவர் பிஸ்மி சொல்லிவிட்டுத் தூக்கினார், இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எழுத்தில் வருகிறவரால் நிஜச் சாமியைத் தூக்க முடியாது என்கிறீர்களா? அப்பாவின் எழுத்து மூன்று வருடம் ஒரு மனுஷியைத் தூங்க வைத்திருக்கிறது. முயன்று பாருங்கள்.

குறட்டை நின்றுவிட்டது.

கட்டில் கிரீச்சிட்டது. திரை விலகும் சத்தம். நான் மூடிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். பயனில்லை.

“தினேசு, யார்கிட்டடி பேசிக்கிட்டு இருக்க?”

“காடி பாக்க ஒருத்தர் வந்திருக்காங்கம்மா.”

“என்னவாம் காடிக்கு?”

இதற்கு நான் நான்கு பதில்களை எழுதி வைத்திருந்தேன். தாளைப் புரட்டினேன். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீங்கத் தொடங்கிய முகத்தோடு, என்னைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் துணிக்குள் சுற்றிக்கொண்டிருந்த வண்ணத்தைப் பார்த்தார். சாமி இறங்காமலே சோதனை நடந்திருப்பதைப் பார்த்தார். நான் ஏன் இறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்; காலையில் சமையலறைக் காலண்டரில் என் நாட்களை எண்ணியவர் அவர்தான். முதல் மழைத்துளி தகரத்தில் விழுந்தது.

பிறகு உங்கள் பக்கமாகப் பார்த்தார்.

“யாரா இருந்தாலும் கைய கழுவிட்டு சாமிய தூக்கச் சொல்லு. மழ வருது பாரு. உள்ள வெளக்கு எரியுது.”